கூடு மான் வேட்டை: விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்துக்கு ஏழு நாள் வேட்டைக்குக் கிளம்பும்போது நான் போட்ட கணக்கு, விமான டிக்கெட் நீங்கலாக, 5,800 டாலர். தினக் கட்டணம் 350 வீதம் 2,450. மான்களுக்குத் தனி: கூடு (kudu, முறுக்குக் கொம்புள்ள பெரிய ஆப்பிரிக்க மான்) 2,400, பிளெஸ்பொக் 500, இம்பாலா 450. கடைசியில் ஒன்பதாயிரத்தை ஒட்டிவிட்டது. அது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

1. எந்த மான் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முதல் பயணத்துக்கு இரண்டு மூன்று போதும். லெச்வே மான் மாதிரி சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை வேண்டாம்; அனுமதிச் சீட்டுக்கே அலைய வேண்டும்.

2. மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். அங்கே அது குளிர்காலம். இலை உதிர்ந்து புல் காய்ந்திருப்பதால் மான் கண்ணில் படும். விடிகாலை திறந்த வண்டியில் பல் கிட்டும், குல்லாய் அவசியம்.

3. விலை கேட்கும்போது 15 சதவீத வாட் வரி சேர்த்தா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. தினக் கட்டணத்தில் மட்டும் 367 டாலர் ஏறியது.

4. துப்பாக்கி. சொந்தத் துப்பாக்கி என்றால் அமெரிக்கச் சுங்கத்தின் 4457 படிவம், அப்புறம் தென்னாப்பிரிக்கப் போலீசின் 520 படிவம். இரண்டாவதைக் கறுப்பு மையில் நிரப்பி, கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால் போட வேண்டும். என்னைக் கேட்டால் பண்ணையிலேயே வாடகைக்கு எடுங்கள். முதல் நாள் குறி சரிபார்த்துவிட்டால் போதும். ஆனால் முக்காலிக் குச்சியில் தாங்கிச் சுடுவதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். மேசையில் வைத்துச் சுட்டுப் பழகியவர்களுக்கு அங்கே கை ஆடும்.

5. எனக்கும் ஆடியது. மூன்றாம் நாள் இம்பாலாவைச் சுட்டேன், விழவில்லை. தடம் பார்ப்பவர் ஒரு புல்லைக் கிள்ளிக் காட்டினார். நுனியில் கடுகளவு ரத்தம். மூன்று மணி நேரம் தேடினோம். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட இல்லை. அன்று மாலை கணக்கு நோட்டில் 450 டாலர் எழுதிவிட்டார்கள். காயம்பட்டால் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் காசு. ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தது, நான்தான் தாண்டிப் படித்திருக்கிறேன். மறுநாள் இன்னொரு இம்பாலா, இன்னொரு 450. ஆகவே பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு மானின் விலையைக் கையிருப்பாக ஒதுக்கிவையுங்கள். அந்த மான் என்ன ஆனதோ என்பது இன்னும் உறுத்துகிறது, அது வேறு கணக்கு.

6. கொம்பும் தோலும் வீடு வந்துசேர வேண்டுமே! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பூச்சி போக மருந்தில் முக்கி, பெட்டி கட்டி, ஹூஸ்டனுக்கு அனுப்ப 1,700 டாலர். பாடம் செய்யும் கூலி தனி. பெட்டி வர ஒன்பது மாதம் ஆனது. கிளம்புவதற்கு முன்பே அனுப்பும் ஏஜென்டிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். சுவரில் மாட்ட ஆசை இல்லையென்றால் போட்டோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாதித் தலைவலி போச்சு.

வழிகாட்டிக்கும் சமையல்காரருக்கும் தடம் பார்ப்பவருக்கும் சேர்த்து 600 டாலர் அன்பளிப்பு கொடுத்தேன்.

பின்சேர்க்கை: கொம்பை ஊருக்கு, அதாவது இந்தியாவுக்கு, கொண்டுவரலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில் கூடு கொம்போடு விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இறைச்சி? அதை அமெரிக்காவுக்கே கொண்டுவர முடியாது. பண்ணையில் இருக்கும்போதே பில்டாங் (அந்த ஊர் உலர்த்திய இறைச்சி) கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். கொத்தமல்லி விதை வாசத்தோடு, நம்ம உப்புக்கண்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.