ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினில் இக்னிஷன் டைமிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவ்ரோலெட்டின் 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின் 1967-இல் வந்தது. கேம்ஷாஃப்ட்டை மாற்றி, நான்கு பேரல் ஹோலி கார்புரேட்டரைப் பொருத்தி, அதிலிருந்து கூடுதல் சக்தி எடுப்பவர்கள் இன்றும் ஏராளம். அப்போது இக்னிஷன் டைமிங்கையும், அதாவது பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்பே பிளக்கில் பொறி எழ வேண்டும் என்பதையும், சரியாக அமைக்க வேண்டும். அவர்களில் பலர், அதை அளக்கும் டைமிங் லைட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே முதல் தவறைச் செய்துவிடுகிறார்கள்: கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் சுழலும் பேலன்சர் சக்கரத்தில் உள்ள பூஜ்யக் கோட்டைச் சரிபார்க்காமலே நம்பிவிடுகிறார்கள்.

பேலன்சரின் வெளி வளையம் உள்பகுதியோடு ரப்பரால் பிணைக்கப்பட்டிருப்பதால், ரப்பர் பழையதாகித் தளரும்போது வளையம் நழுவி, கோடும் இடம் மாறிவிடுகிறது. 8 அங்குலப் பேலன்சரில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 1.8 மி.மீ. மட்டுமே, ஆகவே 1 செ.மீ. நழுவினாலே 5 டிகிரிக்கு மேல் பிழை வரும். பேட்டரி இணைப்பையும் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனை உச்சிக்குச் சற்று முன்பே தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் முட்டி நின்றதும், டைமிங் டேபின் (பேலன்சர் அருகே இன்ஜினில் உள்ள டிகிரித் தகட்டின்) பூஜ்யத்துக்கு நேரே பேலன்சரில் ஒரு குறி இடுங்கள். எதிர்ப்புறம் சுற்றி, மீண்டும் முட்டும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் சரிநடுவே இருப்பதுதான் பிஸ்டன் உச்சியில் நிற்கும் உண்மையான இடம். அரைமணி நேர வேலை இது. இதைத் தவிர்த்தால் பின்னால் எடுக்கும் அளவு எதற்கும் மதிப்பில்லை என்பேன்.

ஐடிலிங்கில் மட்டும் பார்த்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும், திருப்பினால் டைமிங் மாறும் கருவியை) இறுக்கிவிடுவது அடுத்த தவறு. மெல்லிய ஸ்பிரிங் போட்ட டிஸ்ட்ரிபியூட்டரில் ஐடிலிங்கிலேயே வேகத்துக்கேற்ப டைமிங்கைக் கூட்டும் எடைகள் விரியத் தொடங்கிவிடுவதால் அந்த அளவே பொய்யாக இருக்கலாம். வேகத்தைக் கூட்டி, டைமிங் மேலும் ஏறாமல் நிற்கும் இடத்தில், பெரும்பாலும் 3,000 ஆர்.பி.எம். அளவில், மொத்த அட்வான்ஸை, அதாவது பொறி மொத்தம் எத்தனை டிகிரி முந்துகிறது என்பதைப் பாருங்கள். பழைய வகை இரும்பு ஹெட்டுகளுக்கு 34 முதல் 36 டிகிரி பொருந்தும். வேகமாக எரியும் வோர்டெக் ஹெட்டுகளுக்கு 32 டிகிரி அளவே போதும்.

இதைப் பார்க்கும்போது இன்ஜினின் வேக்குவத்தைக் கொண்டு டைமிங்கைக் கூட்டும் வேக்குவம் அட்வான்ஸின் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து முனையை அடைத்திருக்க வேண்டும். மறந்தால் பத்து, பதினைந்து டிகிரி கூடுதலாகத் தெரியும். அதைக் கண்டு டைமிங்கைக் குறைத்துவிட்டால், திராட்டிலை முழுவதும் திறக்கையில் வேக்குவம் இல்லாமல் போய், சக்தி தேவைப்படும் நேரத்தில் இன்ஜின் மந்தமாகிவிடும். வேலை முடிந்தபின் குழாயை மாட்ட மறப்பவர்களும் உண்டு. சீரான வேகத்தில் ஓட்டும்போது வீணாகும் பெட்ரோலுக்கு அதுவே காரணமாகிறது.

டைமிங்குக்கு முன்பே கார்புரேட்டரைத் திருகத் தொடங்குவதும் வேண்டாத வேலை. பெரிய கேம்ஷாஃப்ட்டுக்கு ஆரம்ப டைமிங் குறைவாக இருந்தால், ஐடிலிங் நிற்பதற்காகத் திராட்டிலை அதிகம் திறக்க நேரும். அப்போது கார்புரேட்டரின் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் (திராட்டில் திறக்கையில் கூடுதல் பெட்ரோல் தரும் பிளவு) வெளிப்பட்டு, ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்குருவை எப்படித் திருகினாலும் பலன் தெரியாது.

நாக்கிங் சத்தம் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல்) கேட்கவில்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஹெடர் எனும் எக்ஸாஸ்ட் குழாய்களைப் பொருத்திய வண்டியின் இரைச்சலில் அது காதுக்கு எட்டாது. திராட்டிலை முழுவதும் திறந்து ஓட்டியவுடன் இன்ஜினை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியது போன்ற கரும்புள்ளிகளோ மின்னும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால், உடனே 2 டிகிரி குறைத்துவிட்டுப் புதிய பிளக்குகளோடு மறுபடி சோதியுங்கள்.