புதியவருக்கு 14 லட்சம், பழையவருக்கு 8 லட்சம்: மேனேஜர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாக மேனேஜர் ஆன தம்பி ஒருவர், "அண்ணா, ஆள் கிடைச்சாச்சு. கேட்ட சம்பளத்தையே கொடுத்துட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. "டீம்ல அதே வேலை பார்க்கிறவங்களுக்கு எவ்வளவு?" என்றேன். அவர் பார்க்கவில்லை. 2022இல் நானும் பார்க்கவில்லை.

புதியவருக்கு அள்ளிக் கொடுப்பது

அப்போது ஐ.டி.யில் ஆட்கள் நிற்கவே இல்லை. இன்போசிஸிலேயே அந்த ஜூன் காலாண்டில் விலகல் விகிதம் 28.4 சதவீதம். அவசரத்தில் ஒருவரை ஆண்டுக்கு 14 லட்சத்துக்கு எடுத்தேன். அவருக்கு கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது வேலையைக் கற்றுக்கொடுப்பது) கொடுக்கச் சொன்னது, நான்கு வருடமாக எங்களோடு இருந்த ஒரு பெண்ணிடம். நடுராத்திரியில் தானாக ஓடும் பேட்ச் ஜாப் விழுந்தால் (பாதியில் நின்றால்), அதன் பதிவான லாகில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சம்பளம் 8 லட்சம்.

சம்பளம் ரகசியம் என்று ஆஃபர் லெட்டரில் இருக்கும். கேன்டீனில் வீட்டுக் கடன் பேச்சு வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். வந்தது. திங்கட்கிழமை அவர் பேப்பர் போட்டார். ஹெச்.ஆரிடம் ஓடி 13 லட்சத்துக்கு ஒப்புதல் வாங்கி வந்தேன். "இந்தப் பணம் போன வாரம் எங்க சார் இருந்தது?" என்று கேட்டார். இன்றும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. 90 நாள் நோட்டீஸ் முடிந்து அவர் போனார். ஏழாவது மாதம் அந்த 14 லட்சக்காரரும் போனார்.

ஆள் எடுக்க அனுமதி கேட்கும் அதே மெயிலில், டீமில் இருப்பவர்களின் சம்பளத்தையும் பக்கத்தில் போடுங்கள். இடைவெளி பெரிதென்றால் அப்ரைசல் வரை காத்திருக்காமல் இப்போதே திருத்தம் கேளுங்கள். பட்ஜெட் இல்லை என்பார்கள். அவர் போன பிறகு வெளியாளுக்கு அதே பட்ஜெட் எப்படியோ வரும். அந்தக் கணக்கை எழுத்தில் காட்டுங்கள்.

நன்றாகக் கோட் எழுதுபவரை லீட் ஆக்குவது

டீமை நடத்தும் வேலையில் விருப்பமா என்று முதலில் அவரைக் கேளுங்கள்.

ஒரே மாட்யூலில் கட்டிப்போடுவது

"அவர் இல்லாம ஓடாது" என்று ஒருவரை மென்பொருளின் ஒரே பகுதியில் (மாட்யூல்) மூன்று வருடம் நகர்த்தாமல் வைப்போம். வாரம் ஒரு மதியமாவது பக்கத்து மாட்யூலில் உட்காரவிடுங்கள்.

இன்டர்வியூவில் மனப்பாடக் கேள்விகள்

வேண்டாம். கிளையன்ட் விவரங்களை நீக்கிவிட்டு, நேற்று விழுந்த ஜாப்பின் லாகை முன்னால் வையுங்கள். எங்கே தேடுகிறார் என்று பாருங்கள்.

அந்தத் தம்பியின் டீமில் இரண்டு பேர் 9 லட்சத்தில் இருக்கிறார்கள். மெயிலை நானும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி அனுப்பினோம். ஹெச்.ஆரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.