ஸ்கிராம்ஜெட் சிமுலேஷன்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஸ்கிராம்ஜெட் என்பது ஒலியைவிட வேகமாக உள்ளே ஓடும் காற்றிலேயே எரிபொருளை எரிக்கும் எந்திரம். அதைக் கணினியில் கணக்கிடும்போது மெஷ் (இடத்தைக் கூறுபோடும் வலை) நுணுக்கமாக இருக்கணும், ஒய் பிளஸ் (சுவரை ஒட்டிய முதல் கட்டத்தின் அளவு) ஒன்றைத் தாண்டக்கூடாது என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். வகுப்பில் சொல்லாதவைதான் ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகளின் காலை வாருகின்றன.

ரெசிடுவல் இறங்கிவிட்டதா?

ரெசிடுவல், அதாவது சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை, இறங்கினால் மட்டும் போதாது. உள்ளே போன காற்றும் எரிபொருளும் வெளியே வந்ததோடு பொருந்துகிறதா பாருங்கள்.

சுவரின் வெப்பநிலை

பெரும்பாலான மென்பொருட்களில், எதுவும் சொல்லாமல் விட்டால் சுவர் வெப்பம் கடத்தாத சுவராகிவிடும். மெதுவாக ஓடும் காற்றுக்கு அதனால் பெரிய கேடில்லை. ஸ்கிராம்ஜெட்டில் கணக்கே கவிழ்ந்துவிடும்.

மாக் 7.5 (ஒலியைப்போல் 7.5 மடங்கு) வேகம், வெளிக்காற்று 225 கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றை நிறுத்தினால் 2,400 கெல்வினை ஒட்டிச் சூடேறும். வெப்பம் வெளியேற வழியில்லாத சுவர் 2,000 கெல்வினைத் தாண்டிவிடும். ஹைட்ரஜன் பற்றிக்கொள்ள 1,000 கெல்வினே தாராளம். சுவர்த் துளை வழியே எரிபொருள் செலுத்தினால், கணினியில் அது பற்றாமல் இருந்தால்தான் அதிசயம்.

2002-இல் ஆஸ்திரேலியாவின் ஊமெராவில் பறந்த ஹைஷாட்-2 ஸ்கிராம்ஜெட் எந்திரத்தின் மாதிரியை, ஜெர்மனியின் கோட்டிங்கனில் உள்ள அதிர்வலைச் சுரங்கத்திலும் (அதிர்வலையால் நொடிப்பொழுது அதிவேகக் காற்றை உண்டாக்கும் சோதனைக் குழாய்) சோதித்தார்கள். அங்கே காற்றோட்டம் சில மில்லி விநாடிகள்தான். அதற்குள் உலோகம் எங்கே சூடேறுவது? சுவர் ஏறத்தாழ 300 கெல்வினிலேயே இருக்கும்.

இதே எரியறையைக் கணக்கிட்டு வந்த தம்பி ஒருவரின் படத்தில் தீ துளையின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சோதனையிலோ அழுத்தம் சற்றுத் தள்ளித்தான் ஏறுகிறது. அவர் வேதிவினைத் தொகுப்பை மாற்றினார், டர்புலன்ஸ் (காற்றின் கொந்தளிப்பு) மாடலை மாற்றினார், வாரக்கணக்கில் கணினியை ஓட்டினார். சுவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "டீஃபால்ட்தான் சார்" என்றார். 300 கொடுத்ததும் தீ காற்றோடும் திசையில் தள்ளி நகர்ந்தது.

தீப்பிடித்த படத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் மனசு நிறைந்துவிடுகிறது, யாரும் சுவரைக் கேட்பதில்லை. இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

அதற்காக எங்கும் 300 போட்டுவிடாதீர்கள். 2016-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய ஸ்கிராம்ஜெட் 5 விநாடி எரிந்தது. அமெரிக்காவின் எக்ஸ்-51ஏ 2013-இல் மூன்று நிமிடத்துக்கு மேல் எரிந்தது, அதன் எரிபொருளே சுவரையும் குளிர்வித்தது. அங்கெல்லாம் உலோகத்துக்குள் பாயும் வெப்பத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

டர்புலன்ட் ஷ்மிட் எண்

கொந்தளிக்கும் காற்றில் எரிபொருள் எவ்வளவு வேகமாகக் கலக்கும் என்பதைக் கணக்கில் தீர்மானிக்கும் எண் இது. ஒரு சோதனைக்குப் பொருந்தும்வரை அதைத் திருகாதீர்கள்.

சோதனைக் காற்று

ஹைட்ரஜனை எரித்துச் சூடாக்கிய காற்றில் நீராவி இருக்கும். அதையும் உள்ளீட்டில் சேருங்கள்.

இன்டேக்

ஒரே வடிவம், ஒரே மாக் எண், ஆனால் இரண்டு விடை வரலாம். ஒன்றில் இன்டேக் (காற்று உள்ளே நுழையும் வாய்) காற்றை முழுதாக விழுங்கும், மற்றதில் முகப்பிலேயே அதிர்வலை நின்று காற்று வெளியே வழியும். உட்சுருக்கம் கான்ட்ரோவிட்ஸ் எல்லையை (இன்டேக் தானாகவே காற்றை விழுங்கத் தொடங்க இடம் தரும் சுருக்கத்தின் அளவை) தாண்டியிருந்தால், எந்த விடை வரும் என்பதை நீங்கள் கொடுக்கும் தொடக்க நிலையே தீர்மானிக்கும். கணக்கிடும் இடம் முழுக்க மாக் 7 காற்றை நிரப்பித் தொடங்கி, இன்டேக் வேலை செய்கிறது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். குறைந்த மாக்கிலிருந்து படிப்படியாக ஏற்றியும் ஒருமுறை ஓட்டி, இரண்டு விடைகளையும் அருகருகே வையுங்கள்.