சாம்பியன்களின் கடைசிக் காலத்தை ஒப்பிடுவது எப்படி

குத்துச்சண்டைச் சாம்பியன்கள் தங்கள் வாழ்க்கையை எப்படி முடித்தார்கள் என்று ஒப்பிட முனையும்போது, கடைசிச் சண்டையில் வென்றாரா தோற்றாரா என்பதையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். நானும் ஒருமுறை நோட்டுப் புத்தகத்தில் அப்படி இரண்டு கட்டங்கள் போட்டேன். வென்றவர்கள் கட்டத்தில் ராக்கி மார்சியானோவும் லாரி ஹோம்ஸும் அடுத்தடுத்து வந்து நின்றார்கள். மார்சியானோ 1955 செப்டம்பரில் ஆர்ச்சி மூரை ஒன்பதாம் சுற்றில் வீழ்த்தி ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டு, அடுத்த ஏப்ரலில் 49 சண்டைகள், 49 வெற்றிகள் என்ற கணக்கோடு விலகியவர். ஹோம்ஸோ 2002இல், 52 வயதில், நான்கு சுற்றுச் சண்டைகளுக்குப் பெயர்போன எரிக் எஷ் என்பவரை, வீழ்த்தாமல், நடுவர்கள் சுற்றுக்குச் சுற்று போட்ட புள்ளிக் கணக்கில் வென்று முடித்தவர். இந்த இருவரையும் ஒரே கட்டத்தில் அடைக்கும் அட்டவணையால் பயன் ஏதும் இல்லை என்று அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீரருக்கும் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, உலகப் பட்டத்தைக் கடைசியாகக் கையில் வைத்திருந்த நாள். இரண்டாவது, முன்னணியில் இருந்த ஒருவரைக் கடைசியாக வென்ற நாள். மூன்றாவது, கடைசியாகக் கையுறை மாட்டிய நாள். ஹோம்ஸுக்கு முதலாவது 1985, மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்த ஆண்டு. இரண்டாவதற்கு 1992ஐப் போடலாம். அதுவரை தோல்வியே காணாத ரே மெர்சரை 42 வயதில் அவர் வென்றது அப்போதுதான். மூன்றாவது 2002. மார்சியானோவுக்கு மூர் சண்டையே இரண்டாவதும் மூன்றாவதும்; பட்டமும் விலகும் நாள் வரை அவரிடமே இருந்தது. இரண்டாவது தேதிக்கும் மூன்றாவது தேதிக்கும் இடையே உள்ள தூரம்தான், ஒருவர் தன் திறமை தீர்ந்த பிறகு எவ்வளவு காலம் ரிங்கில் நின்றார் என்பதற்கு நம்மிடம் உள்ள நேர்மையான அளவு. இரண்டாவது தேதியை முடிவு செய்வதில் கருத்து வேறுபாடு வரத்தான் செய்யும். வரட்டும், வாதிக்கத் தகுந்த இடமும் அதுதான்.

இந்த முறையில் ஃபிளாய்ட் மேவெதரின் 50 வெற்றிகளும் கொஞ்சம் வேறு விதமாகத் தெரியும். ஐம்பதாவது வெற்றி 2017இல், கலப்புத் தற்காப்புக் கலை (எம்.எம்.ஏ.) வீரரான கானர் மெக்கிரிகருக்கு எதிராக வந்தது. மெக்கிரிகருக்கோ அது தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் சண்டை. எனவே மேவெதரின் இரண்டாவது தேதியை 2015 மே மாதத்தில், மேனி பாக்கியோவை வென்ற நாளில் வைப்பதே முறை என்பது என் கருத்து.

அடுத்ததாக, தோல்விகள் எந்தப் பகுதியில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். முகமது அலியின் பதிவு 56 வெற்றி, 5 தோல்வி என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஐந்தில் மூன்று, அவருடைய கடைசி நான்கு சண்டைகளில் வந்தவை. ஜோ லூயிஸ் 1949இல் முதல் முறை ஓய்வு அறிவித்தபோது அவர் கணக்கில் இருந்தது ஒரே ஒரு தோல்வி. வருமான வரிக் கடன் கழுத்தை நெரித்ததால் 1950இல் திரும்பி வந்து, எஸார்ட் சார்ல்ஸிடமும், அடுத்த ஆண்டு மார்சியானோவிடமும் தோற்றார். ஹோம்ஸின் ஆறு தோல்விகளும் தொடர்ச்சியாக 48 வெற்றிகள் பெற்ற பிறகு, 35 வயதைத் தாண்டி வந்தவை. ஆகவே மொத்தப் பதிவை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல், கடைசி ஐந்து அல்லது பத்துச் சண்டைகளைத் தனியாக வெட்டி எடுத்து ஒப்பிட வேண்டும்.

வெட்டி எடுத்த சண்டைகளின் முடிவை மட்டும் படித்தாலும் போதாது. அந்தச் சண்டை எப்படி நடந்தது என்பதற்குள் போக வேண்டும். 2003 ஜூனில் லெனக்ஸ் லூயிஸ், விட்டாலி கிளிட்ச்கோவை ஆறு சுற்றுகளில் வென்றார் என்று பதிவு சொல்கிறது. கிளிட்ச்கோவின் இடக்கண்ணுக்கு மேல் வெட்டுக்காயம் மோசமாகத் திறந்துகொண்டதால் சண்டை நிறுத்தப்பட்டது; அந்த நேரத்தில் மூன்று நடுவர்களின் அட்டைகளிலும் 58-56 என்று முன்னிலையில் இருந்தவர் கிளிட்ச்கோ. லூயிஸ் மறுசண்டைக்குப் போகாமல் 2004 பிப்ரவரியில் விலகினார். சாம்பியனாகவே விலகினார் என்பதும் உண்மை, தப்பித்து விலகினார் என்பதும் உண்மை. அட்டவணையில் இரண்டையும் எழுத இடம் விடுங்கள்.

அலியின் கணக்கில் இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. 1980 அக்டோபர் 2 அன்று, இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 38 வயதில் அவர் ஹோம்ஸை எதிர்கொண்டார். எடை குறைந்து, உடம்பு பார்வைக்குக் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவர்கள் மூவரும் எல்லாச் சுற்றுகளையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டி சண்டையை நிறுத்திவிட்டார். அலி முழு நேரம் நிற்காமல் தோற்ற ஒரே சண்டை அது. இதோடும் நிற்காமல் 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்குடன் மோதினார். சுற்றுகளுக்கு அடிக்க முறையான மணி கூட இல்லாமல் மாட்டுமணி ஒன்றைத் தேடிப் பிடித்து அடித்தார்கள். பதிவில் அது புள்ளிக் கணக்கில் ஒரு தோல்வி, அவ்வளவுதான். மூன்றே ஆண்டுகளில், 1984இல், அவருக்குப் பார்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது தெரிவிக்கப்பட்டது.

விலகிய காரணத்துக்கும் திரும்பிய காரணத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். இதற்கு மார்வின் ஹேக்லரையும் சுகர் ரே லெனார்டையும் விட நல்ல ஜோடி கிடைப்பது அரிது. 1987 ஏப்ரலில் இருவரும் மோதியபோது நடுவர்கள் பிரிந்து தீர்ப்பளித்தார்கள்: ஒருவர் 115-113 என்று ஹேக்லருக்கு, ஒருவர் அதே கணக்கில் லெனார்டுக்கு, மூன்றாமவர் 118-110 என்று லெனார்டுக்கு. தோற்ற ஹேக்லர் அடுத்த ஆண்டு விலகி, இத்தாலிக்குப் போய்ப் படங்களில் நடித்தார். ரிங்குக்குத் திரும்பவே இல்லை. வென்ற லெனார்ட் விலகுவதும் வருவதுமாக இருந்து, 1991இல் டெர்ரி நாரிஸிடம் அடிவாங்கி, ஆறு ஆண்டு கழித்து 40 வயதில் ஹெக்டர் கமாச்சோவிடம் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்தார். கடைசிச் சண்டையில் இருவருமே தோற்றவர்கள்தான். ஆனால் ஹேக்லருடையது இன்றுவரை சர்ச்சைக்குரிய பட்டச் சண்டை. லெனார்டுடையதில் சர்ச்சைக்கு இடமே இல்லை.

திரும்பி வந்தவர்கள் எல்லாரும் கெட்டார்கள் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஜார்ஜ் ஃபோர்மேன் பத்து ஆண்டுகள் விலகி இருந்து 1987இல் வந்தார். 1994 நவம்பரில், 45 வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். இப்படிப்பட்டவரை ஒரே நீண்ட வரியாக எழுதாமல், இரண்டு தனித்தனி வாழ்க்கைகளாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே மூன்று தேதிகளைக் குறிக்க வேண்டும்.

மூன்றாவது தேதியை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். பாக்கியோ 2021இல் விலகிவிட்டார் என்று மையால் எழுதியவர்கள், 2025 ஜூலையில் 46 வயதில் அவர் மாரியோ பாரியோஸுடன் சமன் செய்தபோது அடித்து எழுத வேண்டியதாயிற்று. 2005 ஜூனில் கெவின் மெக்பிரைடுடன் ஆறாம் சுற்றுக்குப் பிறகு எழுந்திருக்க மறுத்து முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்ட மைக் டைசன், 2024 நவம்பரில் 58 வயதில் ஜேக் பாலுக்கு எதிராக மறுபடி கையுறை மாட்டினார்.