நிஜக் கணிப்பீடு என்ற பெயரில் நடக்கும் தவறுகள்

இலங்கையின் க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாள் பல்லாண்டுகளாக எழுத்தை மட்டுமே சோதித்து வந்திருக்கிறது. வாய் திறக்காமலே ஒரு பிள்ளை 'ஏ' எடுத்துவிடலாம். வெளியுலகில் ஆங்கிலம் தேவைப்படும் வேலையையே கொடுத்துப் பார்க்கும் நிஜக் கணிப்பீடு இந்தக் குறைக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதிலும் சறுக்கல்கள் உண்டு.

பெரிய சறுக்கல் வேலையைத் தெரிவு செய்வதில். வன்னியில் துணுக்காய்ப் பிள்ளையிடம் நட்சத்திர ஹோட்டலில் அறை பதிவு செய்யும் உரையாடலைக் கொடுத்தால் அது நாடகம். வங்கிப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பச் சொல்வதும் அப்படியே. அதே படிவத்தில் தமிழ் இருக்கும்போது யார் ஆங்கிலத்தைத் தேடுவார்கள்? வன்னிக்கு ஆங்கிலம் உண்மையில் வேறு வழிகளில் வருகிறது. ஆகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் மச்சானுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறும். அவனை இரணைமடுக் குளக்கட்டில் நிறுத்தி, வான்கதவுகளை எப்போது, ஏன் திறக்கிறார்கள் என்று அவனுக்கு விளக்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். தமிழ் தெரியாத ஒரு சிங்கள அலுவலரிடம் தொலைபேசியில் விவரம் கேட்கச் சொல்லுங்கள். 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது இத்தகைய தேவைக்குத்தான்.

அடுத்தது புள்ளியிடுவது. "யெஸ்டர்டே தே ஓப்பன் த கேட், வாட்டர் கோ டு பேடி ஃபீல்ட்" என்கிறாள் ஒருத்தி. இறந்தகாலம் பிழை, ஆனால் கேட்பவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த இடத்திலேயே குறுக்கிட்டுத் திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது. விளங்கவைத்ததற்கு ஒரு புள்ளி, இலக்கணத்திற்கு வேறு புள்ளி எனப் பிரித்து வையுங்கள். எதற்கு எவ்வளவு என்பதைப் பேசுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒப்படைக் கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை: பளபளக்கும் அட்டைக்கும் ஒட்டிய படங்களுக்கும் புள்ளி போடுவது ஆங்கிலக் கணிப்பீடு அல்ல. அது பெரும்பாலும் அக்காவின் கைவண்ணம், இல்லாவிட்டால் கணினிக் கடையின் அச்சு. கோப்பிலிருந்து இரண்டு கேள்வி கேட்டாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும்.

நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் முழு வகுப்பையும் பேசவைக்க முயல்வதும் வீண். ஒரு பாடவேளைக்கு நாலைந்து பேர் போதும். மற்றவர்களை அந்த மச்சானாக்கிக் கேள்வி கேட்க விடுங்கள்; அவர்களின் கேள்விகளையும் குறித்துக்கொள்ளலாம்.