குழந்தைப் பாட்டு, படப் புத்தகம் படிச்சுட்டு ரெஸ்பான்ஸ் நோட் எழுதுறது எப்படி? டீச்சர் ட்ரெய்னிங்ல இருக்குறவங்களுக்கு

டி.எல்.எட், பி.எட் படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுறேன். நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு ஒன்றியப் பள்ளியில சின்ன வகுப்பு பாக்குறேன், வருஷா வருஷம் இன்டர்ன்ஷிப்புக்கு வர்றவங்க நோட்டை ஆசையா வாங்கிப் பாப்பேன். குழந்தைப் பாட்டு, படப் புத்தகம் எல்லாம் படிச்சுட்டு உங்க கருத்தை எழுதுங்கன்னு சொன்னா பாதிக்கு மேல ஒரே மாதிரி தான் இருக்கு, “இக்கதை மிகவும் அருமையாக உள்ளது. படங்கள் வண்ணமயமாக உள்ளன. இதன் மூலம் மாணவர்கள் ஒற்றுமையின் பலத்தை அறிந்துகொள்வர்.” மேல இருக்குற புத்தகப் பேரை அழிச்சுட்டு வேற புத்தகப் பேரை எழுதினாலும் இந்த மூணு வரி அப்படியே பொருந்தும். அதையே முதல் டெஸ்ட்டா வச்சுக்கங்க, பேரை மாத்தினாலும் பொருந்துதுன்னா நீங்க இன்னும் அந்தப் புத்தகத்தைப் பத்தி எழுத ஆரம்பிக்கலைன்னு அர்த்தம்.

நோட்டு விஷயம் முதல்ல. சயின்ஸ் ரெக்கார்ட் நோட்டு ஒண்ணு வாங்கிக்கங்க, ஒரு பக்கம் கோடு போட்டது, ஒரு பக்கம் வெள்ளையா இருக்கும்ல அது. கோடு போட்ட பக்கம் உங்களுக்கு, நீங்க படிச்சப்ப உங்களுக்கு என்ன ஆச்சுன்னு எழுத. வெள்ளைப் பக்கம் புள்ளைகளுக்கு, அவங்க சொன்னது, வரைஞ்சது, கை காட்டுனது எல்லாம் அங்கிட்டு. ரெண்டையும் ஒரே பாராவுல கலக்காதீங்க, ஏன்னா கலந்தா நம்ம நினைச்சதையே புள்ளைக சொன்னதா எழுதிருவோம், அது நமக்கே தெரியாம நடக்கும்.

முதல் தடவை படிக்கும்போது டீச்சரா படிக்காதீங்க. இதை வச்சு எந்தப் பாடம் எடுக்கலாம், என்ன ஆக்டிவிட்டி கொடுக்கலாம்னு யோசிக்கிறதை அப்படியே தள்ளி வச்சுட்டு சும்மா ஒரு ஆளா படிங்க. லூயிஸ் ரோசன்பிளாட்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1978ல இதைப் பத்தி ரொம்பத் தெளிவா எழுதியிருக்காங்க, படிக்கிறதுல ரெண்டு விதம் இருக்கு, ஒண்ணு படிச்சு முடிச்சதும் கையில என்ன மிஞ்சுங்கிறதுக்காகப் படிக்கிறது, இன்னொண்ணு படிக்கிற அந்த நேரத்துல மனசுல என்ன நடக்குதோ அதுக்காகவே படிக்கிறது. முதல் விதத்துக்கு அவங்க சொல்ற உதாரணம், குழந்தை விஷத்தைக் குடிச்சிருச்சுன்னு பதறிப்போயி பாட்டில் லேபிள்ல மாத்து மருந்து என்னன்னு தேடுற அம்மா. அந்த அம்மா அப்படித்தான் படிக்கணும். ஆனா நம்ம பள்ளிக்கூடத்துல பாட்டையும் கதையையும் கூட அந்த லேபிள் மாதிரியே படிக்க வைக்கிறோம், நீதி என்ன, கேள்வி பதில் என்னன்னு. புள்ளைக ரெண்டாவது விதமா படிக்கணும்னு ஆசைப்பட்டா முதல்ல நம்ம அப்படிப் படிச்சிருக்கணும், அதுக்குத்தான் இந்த நோட்டே.

சரி, பாட்டுக்கு வருவோம். பாட்டை வாய்விட்டுப் படிங்க, கண்ணால மட்டும் படிச்சா குழந்தைப் பாட்டுல பாதி கிடைக்காது. தாளம் போட்டுப் பாருங்க, மூச்சு எங்க நிக்குதுன்னு பாருங்க, அப்புறம் கையால நோட்டுல ஒரு தடவை எழுதுங்க, போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிறது பத்தாது, எழுதும்போது தான் எந்தச் சொல்லு ரெண்டு தடவை வருது, எந்த வரி மத்த வரியை விடச் சின்னதுன்னு கண்ணுல படும்.

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதையே எடுத்துக்குவோம். “நிலா நிலா ஓடி வா, நில்லாமல் ஓடி வா, மலை மேலே ஏறி வா, மல்லிகைப்பூ கொண்டு வா.” இதை எத்தனை தடவை சொல்லியிருப்போம், ஆனா மெதுவாப் படிச்சா ஒவ்வொரு வரியும் “வா”ல முடியுறது தெரியும், அதாவது பாட்டு தெரியாத புள்ளை கூட ரெண்டாவது வரியில இருந்து அந்த “வா”வைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்துரும். நிலா, நில்லாமல்னு ஒரு ஜோடி, மலை, மல்லிகைன்னு ஒரு ஜோடி, நம்ம காலேஜ்ல எதுகை மோனைன்னு மனப்பாடம் பண்ணது இங்க தானா காதுல விழுது. இதையெல்லாம் புள்ளைகட்ட பேர் சொல்லிச் சொல்லித்தர வேண்டாம், ஆனா உங்க கோட்டுப் பக்கத்துல இருக்கணும். அதோட இன்னொண்ணும் எழுதுங்க, இந்தப் பாட்டு யார் குரல்ல உங்க காதுல கேக்குது? அம்மாச்சியா, அக்காவா, பால்வாடி டீச்சரா? அந்த ஞாபகமும் ரெஸ்பான்ஸ் தான், அது தனிப்பட்ட விஷயமாச்சேன்னு வெக்கப்பட்டு விட்டுறாதீங்க.

இப்ப வெள்ளைப் பக்கம். திருமங்கலம் பக்கம் இருந்து வந்த ஒரு பாப்பா, வீட்டுல மல்லித் தோட்டம், அம்மா விடியுறதுக்கு முன்னாடியே மொட்டுப் பறிக்கப் போயிருவாங்க. இந்தப் பாட்டைப் பாடி முடிச்சதும் அது சொல்லுச்சு, “டீச்சர், நிலா பூ பறிக்க வந்தா அம்மாவுக்கு டார்ச்சு வேண்டாம்ல.” இதை விட நல்ல கவிதை விமர்சனம் நான் எங்கயும் படிச்சதில்ல. 2013ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லி அந்தப் பாப்பாவுக்கு தூங்காத அம்மா, அதை எந்த ஆசிரியர் கையேடும் உங்களுக்குச் சொல்லாது. இப்படி ஒண்ணு காதுல விழுந்தா அந்தப் புள்ளை சொன்ன மாதிரியே எழுதுங்க, “டார்ச்சு”ன்னா “டார்ச்சு” தான், அதைப் போயி “கைவிளக்கு தேவைப்படாது என மாணவி கூறினாள்”னு மாத்துனீங்கன்னா பாப்பா அதுல இருந்து காணாமப் போயிரும். பேரு மட்டும் முழுசா எழுத வேண்டாம், முதல் எழுத்தும் வகுப்பும் போதும், அந்த நோட்டு பல கை மாறும்ல.

படப் புத்தகத்துக்கு வேற முறை. முதல் தடவை எழுத்தைத் தொடவே தொடாதீங்க, வெறும் படத்தை மட்டும் அட்டையில இருந்து பின் அட்டை வரைக்கும் பாருங்க. நம்ம எழுத்துப் படிச்சுப் பழகினவங்க, கண்ணு நேரா வரிக்குத்தான் போகும், படத்தைச் சும்மா தொட்டுட்டு அடுத்த பக்கம் போயிருவோம். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒண்ணாம் வகுப்புப் புள்ளை படத்தை மட்டும் தான் படிக்குது, அதனால தான் அது பூனை எங்க ஒளிஞ்சிருக்குன்னு உடனே சொல்லுது, நமக்கு மூணாவது தடவை தான் தெரியுது. படத்தை மட்டும் பாத்தே கதை என்னன்னு ரெண்டு வரி எழுதிட்டு அப்புறம் எழுத்தோட படிங்க. ரெண்டுக்கும் எங்க இடிக்குதுன்னு பாருங்க, அங்க தான் புத்தகத்தோட உயிரு இருக்கும். எழுத்து “எனக்குப் பயமே இல்ல”ங்கும், படத்துல அந்தப் பையன் பாட்டி சேலைக்குப் பின்னாடி நிப்பான். இந்த மாதிரி ஒரு இடம் கிடைச்சா அதைப் பத்தி மட்டுமே அரைப் பக்கம் எழுதுனாலும் போதும், மத்த பக்கத்தை எல்லாம் சுருக்கி எழுதணும்னு அவசியமே இல்ல.

பக்கம் திருப்புற இடத்தையும் கவனிங்க. பெரிய தாளுல அடிச்சு மடிச்சு வெட்டுறதால படப் புத்தகம் எட்டு, பதினாறு மடங்குல தான் வரும், உலகம் பூரா 32 பக்கம் ரொம்ப சகஜம், நம்ம ஊர்ல 16, 24ம் நிறைய. அம்புட்டு தான் இடம்ங்கிறதால எதை வலது பக்கத்துல நிறுத்தி எதை அடுத்த திருப்பலுக்கு ஒளிச்சு வைக்கணும்னு எழுதுனவங்களும் வரைஞ்சவங்களும் யோசிச்சுத்தான் பண்ணியிருப்பாங்க. “கதவைத் திறந்தா...”ன்னு வலது பக்கம் முடியுதுன்னா அங்க ஒரு சின்ன டிக் போட்டு வைங்க, வகுப்புல வாசிக்கும்போது அங்க நிறுத்தி, பக்கத்தைத் திருப்பாம, புள்ளைக மூஞ்சியப் பாக்கணும். அட்டைக்கு உள்பக்கத்தையும் விட்டுறாதீங்க, சில புத்தகத்துல கதை அங்கயே ஆரம்பிச்சிருக்கும்.

அப்புறம் யாரோட வீடு அந்தப் படத்துல இருக்குன்னு கேளுங்க. சோபா, டைனிங் டேபிள், தனி பெட்ரூம் இருக்குற வீடா, இல்ல ஒத்த ரூம்பு, கயித்துக் கட்டில், திண்ணை இருக்குற வீடா? அம்மா எல்லாப் பக்கத்துலயும் அடுப்படியில மட்டும் தான் நிக்கிறாங்களா? கெட்டவனை மட்டும் கறுப்பா வரைஞ்சிருக்காங்களா? இதைப் பாத்துட்டு மனசுல கோபம் வந்தா கோபம்னே எழுதுங்க, எந்தப் பக்கம், எந்தப் படம்னு சேத்து எழுதுங்க. பிடிக்கலைன்னு எழுதினா மார்க் குறைஞ்சிருமோன்னு நிறைய பேரு பயப்படுறீங்க, காரணத்தோட எழுதின பிடிக்கலைக்கு, காரணம் இல்லாத அருமையை விட மதிப்பு ஜாஸ்தி.

மொழியையும் பாருங்க. மொழிபெயர்ப்புப் புத்தகத்துல சில நேரம் நாய்க்குட்டி கூட “நான் உனக்கு உதவலாமா?”ன்னு பேசும், நம்ம புள்ளைக சிரிக்காதுங்க, பேசாம உக்காந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தை அடிக்கோடு போட்டுட்டு, வாசிக்கும்போது முதல்ல நம்ம ஊர்ப் பேச்சுல சொல்லிட்டு அப்புறம் அச்சுல இருக்குற வரியையும் வாசிச்சுருங்க. ரெண்டும் வேணும், பேச்சுத் தமிழ் மட்டும் போதும்னு அச்சு வரியை விட்டுட்டா நாளைக்கு அதுக தனியாப் படிக்கும்போது தடுமாறும்.

வகுப்புல வாசிக்கிற அன்னைக்கு காலை உணவு முடிஞ்சதுக்கும் மணி அடிக்கிறதுக்கும் நடுவுல இருக்குற நேரம் ரொம்ப நல்ல நேரம், வயிறும் நிறைஞ்சிருக்கும், சிலபஸ் அவசரமும் இருக்காது. அரை வட்டமா கீழ உக்கார வைங்க, நீங்களும் தாழ்வா உக்காருங்க, புத்தகத்தை நெஞ்சுக்குப் பக்கவாட்டுல புள்ளைக கண்ணு மட்டத்துல பிடிங்க. நாப்பது புள்ளை இருந்தா ஒரு புத்தகம் எல்லாருக்கும் தெரியாது, ரெண்டு மூணு குழுவா பிரிச்சு வேற வேற நாள்ல வாசிங்க.

முடிச்சதும் “இந்தக் கதையில இருந்து என்ன தெரியுது?”ன்னு தயவு செஞ்சு கேக்காதீங்க. அந்தக் கேள்வியக் கேட்டதும் புள்ளைக முதுகை நிமித்திக்கிட்டு “பொய் சொல்லக் கூடாது டீச்சர்”னு கோரஸா சொல்லும், கதையில பொய்யே வந்திருக்காது. ஏய்டன் சேம்பர்ஸ்னு ஒரு இங்கிலாந்து எழுத்தாளர் நாலு விஷயம் கேக்கச் சொல்லுவாரு: எது பிடிச்சுச்சு, எது பிடிக்கல, எது புரியாம புதிரா இருந்துச்சு, எது திரும்பத் திரும்ப வந்துச்சு. என் அனுபவத்துல மூணாவது கேள்விக்குத்தான் நல்ல பேச்சு கிளம்பும், ஏன்னா புரியலைன்னு சொல்றதுக்கு டீச்சரே கேக்குறாங்கங்கிறது அதுகளுக்குப் புதுசு. நீங்க பதில் சொல்லாதீங்க, இன்னொரு புள்ளை சொல்லும், கொஞ்சம் பொறுங்க. ஒண்ணுமே பேசாத புள்ளையும் இருக்கும், அதுக்கும் வெள்ளைப் பக்கத்துல இடம் உண்டு: எந்தப் பக்கத்துல கிட்ட வந்து பாத்துச்சு, எங்க விரல் வச்சுச்சு, சாப்பாட்டு மணிக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போச்சு.

புத்தகம் எங்க கிடைக்கும்னு கேப்பீங்க. மதுரையில இருக்குறவங்களுக்கு புது நத்தம் ரோட்டுல 2023 ஜூலைல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, குழந்தைகள் பிரிவுல ஒரு மத்தியானம் உக்காந்தா போதும், ஒரு மாச நோட்டுக்கு ஆகும். அரசுப் பள்ளியில வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா இருக்கும், பீரோவுல பூட்டி வச்சிருந்தா கேட்டு வாங்குங்க. போன்லயே படிக்கணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக் கதைகள் இலவசம். கையில வச்சுப் பாக்குறதுக்கு மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவுல துளிகா, நேஷனல் புக் டிரஸ்ட் மாதிரி பதிப்பகப் புத்தகங்களைத் தேடிப் பாருங்க. கலந்து எடுங்க, நாட்டுப்புறப் பாட்டு, எதுகை இல்லாத புதுப் பாட்டு, எழுத்தே இல்லாத படப் புத்தகம், இருமொழிப் புத்தகம்.

ஒரு புத்தகத்துக்கு அரைப் பக்கம் போதும், ஆனா படிச்ச அன்னைக்கே எழுதிருங்க. புள்ளைகட்ட வாசிச்ச பிறகு அதே புத்தகத்தை திரும்ப எடுத்துப் படிச்சு, உங்க பழைய குறிப்புக்குக் கீழ வேற கலர் மையில எழுதுங்க, எது மாறுச்சு, வெள்ளைப் பக்கத்துல இருக்குற எந்த வரி உங்களை மாத்துச்சுன்னு. லெசன் பிளான் எழுத உக்காரும்போது கையேட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவது மையில எழுதினதைப் படிங்க, வகுப்புல கேக்க வேண்டிய முதல் கேள்வியை அங்க இருந்தே எடுத்துக்கங்க.