இரு நாடுகளின் தூதரக உறவு வளர்ந்த வரலாற்றை எழுதுவது எப்படி: ஜப்பான்–சீனா உறவை முன்வைத்து

இரண்டு நாடுகளுக்கிடையே தூதரக உறவு எவ்வாறு வளர்ந்தது என்று கட்டுரை எழுதப் புகுவோரில் பெரும்பாலோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்து தொடங்கி, துறவிகளையும் பட்டு வணிகத்தையும் எழுத்துமுறையையும் விரிவாகச் சொல்லி முடித்து, உண்மையான செய்திக்கு வந்து சேரும்போது தாள் தீர்ந்துபோய் நிற்கின்றனர். முதுகலை வரலாற்று மாணவர்களுக்கும், அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்போருக்கும், இதழ்களில் அயலுறவு பற்றி எழுத விரும்புவோருக்கும் பயன்படும் வகையில், இத்தகைய வரலாற்றைத் தேடித் தொகுத்து எழுதும் முறையை இங்கு விளக்குகிறேன். சான்றாக ஜப்பான்–சீனா உறவை எடுத்துக்கொள்கிறேன். ஆவணங்கள் பெரிதும் வெளிவந்துவிட்டன என்பதும், ஒரு சொல்லுக்காக இரு தரப்பும் எவ்வளவு போராடின என்பதை அவற்றில் கண்ணால் காண முடிகிறது என்பதும் இத்தேர்வுக்குக் காரணங்கள்.

முதலில் நாளைக் குறியுங்கள்

இரு நாடுகளும் தூதரக உறவு நிறுவிய நாளை முதலில் உறுதிசெய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கியும் முன்னோக்கியும் நடக்க வேண்டும். ஜப்பானுக்கும் மக்கள் சீனக் குடியரசுக்கும் அந்த நாள் 1972 செப்டம்பர் 29. பெய்ஜிங்கில் ஜப்பானியப் பிரதமர் தனாகா ககுயெயும் சீனப் பிரதமர் சோ என்லாயும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர்; ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் ஓஹிரா மசயோஷியும் சீன வெளியுறவு அமைச்சர் ஜி பெங்ஃபெயும் உடன் ஒப்பமிட்டனர். அறிக்கையின் நான்காம் பிரிவு அன்றைய தேதியிலிருந்தே தூதரக உறவு தொடங்குவதாகக் கூறுகிறது.

நாளைக் குறித்தபின், ஒரே பொருள்போலத் தோன்றும் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஓர் அரசை அங்கீகரிப்பது வேறு, அதனுடன் தூதரக உறவு நிறுவுவது வேறு, தூதரகத்தைத் திறப்பது வேறு, அதனுடன் வணிகம் செய்வது முற்றிலும் வேறு. இலங்கை இதற்கு மிகத் தெளிவான சான்று. 1950 ஜனவரியிலேயே அது மக்கள் சீனத்தை அங்கீகரித்தது. 1952 டிசம்பரில் இறப்பரைக் கொடுத்து அரிசி பெறும் ஒப்பந்தத்தையும் செய்துகொண்டது. தூதரக உறவோ 1957 பிப்ரவரியில்தான் நிறுவப்பட்டது. இம்மூன்று ஆண்டுகளில் எதை ‘உறவின் தொடக்கம்’ என்று எழுதினாலும் பாதி உண்மையாகவே இருக்கும். ஆகவே எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நடுவே நிற்கும் மூன்றாமவரைத் தேடுங்கள்

இரு நாடுகள் அண்டையில் இருந்தும் நெடுங்காலம் உறவின்றி இருந்தன என்றால், இடையில் மூன்றாவது ஒருவர் இருக்கிறார் என்று கொள்ளலாம். இங்கு அப்படி இருவர் இருந்தனர்: அமெரிக்காவும், தானே சீனத்தின் அரசு என்று தைவானின் தைபேயிலிருந்து கூறிவந்த சீனக் குடியரசும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானுடன் சமாதானம் செய்ய 1951-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டுக்குப் பெய்ஜிங் அரசும் அழைக்கப்படவில்லை, தைபே அரசும் அழைக்கப்படவில்லை. ஜப்பானுடனான போரில் மிகப் பெரும் அழிவைக் கண்ட நாடு இவ்வாறு சமாதான மேசையில் இடமின்றிப் போயிற்று. பின்னர், அமெரிக்காவின் வற்புறுத்தலால் ஜப்பான் 1952 ஏப்ரல் 28 அன்று தைபேயில் இருந்த சீனக் குடியரசுடன் தனியே சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. 1972-இல் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கையொப்பத்திலிருந்தே கிளைத்தவை என்பதால், தைபே உடன்படிக்கையைப் படிக்காமல் கூட்டறிக்கையைப் படிப்பதில் பயனில்லை.

அடுத்ததாக, அரசுகள் பேசிக்கொள்ளாத இருபது ஆண்டுகளில் யார் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தேடுங்கள். அனுபவமற்றவர்கள் வெற்றிடமாக விட்டுச்செல்லும் பகுதி இதுதான்; என் கணிப்பில் கட்டுரையின் உயிரும் இதுதான். 1952 ஜூனிலேயே ஜப்பானிய அரசியலாளர் மூவர் பெய்ஜிங் சென்று, அரசுசாரா வணிக ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்டனர். இதுபோன்ற ஒப்பந்தங்கள் நான்குவரை வந்தன. நான்காவது, 1958-இல் நாகசாகியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியால் முறிந்தது. ஒரு பல்பொருள் அங்காடியில் சீன அஞ்சல்தலைகளும் காகித வெட்டுச் சித்திரங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இடத்தில், வலதுசாரி இளைஞர் ஒருவர் சீனக் கொடியைக் கிழித்திறக்கினார். ஜப்பான் அந்த அரசை அங்கீகரிக்காததால், அயல்நாட்டுக் கொடியை அவமதித்த குற்றம் அவர்மேல் சுமத்தப்படவில்லை. பெய்ஜிங் வணிகத்தையே நிறுத்திவிட்டது. அங்கீகாரம் என்பது ஏட்டுச்சொல் மட்டும்தானே என்று கேட்பவருக்கு இந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும்.

அறுந்த இழை 1962 நவம்பரில் மீண்டும் முடியப்பட்டது. சீனத் தரப்பில் டோக்கியோவிலேயே பிறந்து வளர்ந்து ஜப்பானிய மொழியைத் தாய்மொழிபோலப் பேசிய லியாவ் செங்ஷியும், ஜப்பான் தரப்பில் முன்னாள் அமைச்சரும் தொழிலதிபருமான தகாசாகி தட்சுனோசுகேயும் கையொப்பமிட்ட குறிப்பாணையின்படி நடந்த வணிகம், இருவர் பெயரின் முதலெழுத்துகளால் ‘எல்.டி. வணிகம்’ எனப்பட்டது. ஒருவர் தலைநகரில் மற்றவர் தொடர்பு அலுவலகம் திறக்க 1964-இல் உடன்பட்டனர், செய்தியாளர்களும் பரிமாறப்பட்டனர். பெயரளவில் வணிக அலுவலகங்களான அவை செய்த வேலையில் பாதி தூதரக வேலையாகும். இதே ஆண்டுகளில் ஜப்பானிய அரசு ‘அரசியல் வேறு, பொருளாதாரம் வேறு’ என்றது. சீனம் ‘இரண்டையும் பிரிக்க முடியாது’ என்றது. இவ்விரு முழக்கங்களையும் உங்கள் குறிப்பேட்டில் எதிரெதிரே எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் எந்தத் தரப்பு தன் முழக்கத்திலிருந்து எவ்வளவு இறங்கி வந்தது என்று பாருங்கள்.

ஏன் அந்த ஆண்டு?

உறவு நிறுவப்பட்ட ஆண்டுக்கு முந்தைய பதினைந்து மாதங்களை நாள்வாரியாக வரிசைப்படுத்துவது அடுத்த வேலை. 1971 ஜூலை 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், தாம் சீனா செல்லப்போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார்; நெருங்கிய கூட்டாளியான ஜப்பானுக்குச் செய்தி தெரிவிக்கப்பட்டது அறிவிப்புக்குச் சற்று முன்னர்தான். அக்டோபர் 25 அன்று ஐக்கிய நாடுகள் அவையின் சீன இருக்கை பெய்ஜிங்குக்கு மாறியது. 1969-இல் உசுரி ஆற்றுத் தீவு ஒன்றில் சோவியத் படையுடன் மோதிய சீனத்துக்கும் கிழக்கில் ஒரு கதவு திறக்க வேண்டியிருந்தது. 1972 ஜூலை 7 அன்று தனாகா பிரதமரானார். 1937-இல் பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் ஜப்பான்–சீனப் போர் வெடித்ததும் ஒரு ஜூலை 7 என்பது வெறும் தற்செயல்தான் என்றாலும், எழுதுபவருக்குக் கிடைத்த நல்ல தற்செயல். அந்த மாத இறுதியில் எதிர்க்கட்சியான கோமெய்தோவின் தலைவர் தகெயிரி யோஷிகாட்சு பெய்ஜிங்கில் சோ என்லாயைச் சந்தித்து, சீனத்தின் வரைவு நிலைப்பாட்டைக் கையால் குறித்துக்கொண்டு வந்து தனாகாவிடம் கொடுத்தார். போர் இழப்பீட்டைச் சீனம் கோராது என்பது அதில் தெரிந்தவுடன், ஜப்பானியத் தரப்பின் தயக்கத்தில் பெரும்பகுதி நீங்கிற்று. அமெரிக்காவைப் பின்தொடர்ந்து ஜப்பான் சென்றது என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்: அமெரிக்கா பெய்ஜிங்குடன் தூதரக உறவு நிறுவியது 1979 ஜனவரி 1 அன்று, அதாவது ஜப்பானுக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின்.

கூட்டறிக்கையைப் படிக்கும் முறை

இங்கு அவசரப்படாதீர்கள். கூட்டறிக்கை என்பது இரு தரப்பும் உடன்பட்டவற்றின் பட்டியல் மட்டுமாக இருப்பதில்லை. உடன்பட முடியாத இடங்களில் இருவரும் தத்தம் நாட்டுக்குத் திரும்பித் தத்தமக்கு வேண்டிய பொருளைச் சொல்லிக்கொள்ள ஏதுவாகச் செதுக்கப்பட்ட சொற்கள் அதில் பதிந்திருக்கும். அச்சொற்களைக் கண்டெடுப்பதே உங்கள் பணி. அதற்கு ஒரு வழி உண்டு: எந்தத் தொடர் தேவைக்கு மேல் சுற்றிவளைத்துச் சொல்லப்பட்டிருக்கிறதோ, அங்கே விரலை வைத்து நிறுத்துங்கள்.

முதல் பிரிவு, இரு நாடுகளுக்கிடையே இதுவரை இருந்த ‘இயல்பற்ற நிலை’ முடிவுக்கு வருகிறது என்கிறது. போர்நிலை என்று ஏன் சொல்லவில்லை? ஜப்பானின் வாதப்படி, சீனத்துடனான போர் 1952-ஆம் ஆண்டுத் தைபே உடன்படிக்கையோடு சட்டப்படி முடிந்துவிட்டது. சீனத்தின் வாதப்படி, அந்த உடன்படிக்கை தொடக்கத்திலிருந்தே செல்லாதது. எனவே போர்நிலை நீடிக்கிறது. பேச்சுவார்த்தையில் ஜப்பானிய உடன்படிக்கைத் துறைத் தலைவர் தகாஷிமா மசுவோ சட்ட வாதத்தை விரிவாக எடுத்துவைத்தபோது, சோ என்லாய் அதைக் கடுமையாக மறுத்தார். முடிவில், பெருஞ்சுவரைக் காணச் சென்ற காரில் இரு வெளியுறவு அமைச்சர்களும் தனியே பேசி வழியைத் திறந்தனர். ‘போர்நிலையின் முடிவு’ என்ற சொல் இரு நாட்டு மக்களின் விருப்பமாக முகப்புரையில் இடம்பெற்றது. நாள் குறித்து முடிவு சொல்லும் முதல் பிரிவில் ‘இயல்பற்ற நிலை’ வந்தது. இருவரும் தாம் வென்றதாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

மூன்றாம் பிரிவு இன்னும் நுட்பமானது. தைவான் தன் நிலப்பரப்பின் பிரிக்க முடியாத பகுதி என்று சீனம் மீண்டும் உறுதிபடக் கூறுகிறது. ஜப்பான் அந்நிலைப்பாட்டை ‘முழுமையாகப் புரிந்துகொண்டு மதிக்கிறது’. ஏற்றுக்கொள்கிறது என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதோடு நில்லாமல், ஜப்பான் சரணடைய வேண்டி நேச நாடுகள் 1945-இல் வெளியிட்ட போட்ஸ்டாம் பிரகடனத்தின் எட்டாம் பிரிவின்படியான தன் நிலையில் உறுதியாக நிற்பதாகவும் ஜப்பான் சேர்க்கிறது. அந்த எட்டாம் பிரிவு, நேச நாடுகளின் 1943-ஆம் ஆண்டுக் கெய்ரோ பிரகடனத்தை நிறைவேற்றச் சொல்கிறது. கெய்ரோ பிரகடனம் தைவானைச் சீனக் குடியரசிடம் திருப்பித் தரச் சொல்கிறது. ஒரு வாக்கியத்திலிருந்து இரண்டு ஆவணங்கள் பின்னோக்கிப் போனால்தான் பொருள் விளங்கும். இப்படி மேற்கோள் காட்டப்படும் ஒவ்வொரு ஆவணத்தையும் எடுத்துப் படிக்காதவரை, அப்பிரிவைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம்.

ஐந்தாம் பிரிவில், சீனம் இழப்பீட்டுக் ‘கோரிக்கையை’ துறக்கிறது. சீன வரைவில் இருந்தது இழப்பீடு கோரும் ‘உரிமை’. அந்த உரிமை தைபே உடன்படிக்கையிலேயே துறக்கப்பட்டுவிட்டது என்று ஜப்பான் வாதிட்டதால், உரிமை என்ற சொல் நீங்கிற்று.

கூட்டறிக்கைக்கு வெளியே பேசப்பட்ட சொற்களையும் விடாதீர்கள். வரவேற்பு விருந்தில் தனாகா, போரின்போது சீன மக்களுக்குப் பெரும் ‘மெய்வாகு’ விளைவித்ததற்கு வருந்துவதாகப் பேசினார். அது சீன மொழியில் ‘மாஃபான்’ என்று மொழிபெயர்க்கப்பட்டது. தமிழில் சொன்னால் ‘தொந்தரவு கொடுத்துவிட்டோம்’ என்பது போன்றது. வழியில் போகும் பெண்ணின் பாவாடையில் தண்ணீர் தெறித்துவிட்டால் சொல்லும் சொல் அது என்று சோ என்லாய் கண்டித்தார். முகப்புரையில் ஜப்பான் பொறுப்பை ‘ஆழ்ந்து உணர்ந்து, தன்னைத்தானே கடிந்துகொள்கிறது’ என்ற வாசகம் இடம்பெற்றதன் பின்னணி இது. மொழிபெயர்ப்பாளரின் தவறு என்று இதைச் சிலர் எளிதாகக் கடந்துவிடுகின்றனர்; எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த மொழியில் சொன்னாலும் அச்சொல் போதாது என்பதே சீனத் தரப்பின் குறையாக இருந்தது.

இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிடுங்கள்

இரு நாடுகளும் உரிமை கோரும், சென்காகு அல்லது தியாவ்யூ எனப்படும் தீவுகளைப் பற்றித் தனாகா கேட்டபோது, இம்முறை அதைப் பேச விரும்பவில்லை என்று சோ என்லாய் சொன்னதாக ஜப்பானிய அரசின் பதிவு காட்டுகிறது. உடனிருந்த சீனர் ஒருவரின் நினைவுக் குறிப்போ, அதற்குத் தனாகாவும் பிறகு பேசலாம் என்று இசைந்ததாகக் கூறுகிறது. ‘ஒத்திவைக்க உடன்பாடு இருந்தது’ என்று பெய்ஜிங்கும், ‘அப்படி எந்த உடன்பாடும் இல்லை’ என்று டோக்கியோவும் இன்றுவரை வாதிடுவதற்கு இந்த ஒரு வரி வேறுபாடு அடிப்படை. இவ்வாறான இடத்தில் நடுவராக அமர வேண்டாம். எந்தக் கூற்று எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று சொல்லி, தீவுகளின் பெயரை இரு வகையிலும் ஒருமுறையேனும் எழுதிவிடுங்கள்.

கையொப்பத்துக்குப் பின்

உறவு நிறுவப்பட்டதும் கட்டுரை முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. தைபேயுடனான தூதரக உறவு அன்றே முறிந்தது; ஆனால் சில மாதங்களுக்குள், அரசுசாரா அமைப்புகள் என்ற பெயரில் இருபுறமும் அலுவலகங்கள் உருவாயின. பழைய தொடர்பு அலுவலக உத்தி, இம்முறை தலைகீழாகத் திரும்பியது. பெய்ஜிங்குடன் வணிகம், விமானப் போக்குவரத்து, கப்பல், மீன்பிடிப்பு என்று ஒவ்வொன்றாக 1974, 1975-ஆம் ஆண்டுகளில் ஒப்பந்தங்கள் வந்தன. விமான ஒப்பந்தத்தால் சினமுற்ற தைபே, ஜப்பானுடனான வான்வழியை ஓராண்டுக்கும் மேலாக மூடியது.

சமாதான, நட்புறவு உடன்படிக்கை 1978 ஆகஸ்ட் 12 அன்றுதான் கையொப்பமானது. ஆறு ஆண்டுகள் இழுத்ததற்குக் காரணம் ‘மேலாதிக்கம்’ என்ற ஒரு சொல். சோவியத் ஒன்றியத்தைக் குறிவைத்து அச்சொல்லைச் சேர்க்கச் சீனம் வலியுறுத்தியது. மாஸ்கோவைப் பகைத்துக்கொள்ள ஜப்பான் விரும்பவில்லை. இரண்டாம் பிரிவில் மேலாதிக்க எதிர்ப்பும், நான்காம் பிரிவில் ‘மூன்றாம் நாடுகளுடனான உறவில் எத்தரப்பின் நிலைப்பாட்டையும் இவ்வுடன்படிக்கை பாதிக்காது’ என்ற வாசகமும் சேர்க்கப்பட்டுச் சிக்கல் தீர்ந்தது. அக்டோபர் 23 அன்று, சீனத் துணைப் பிரதமர் டெங் சியாவ்பிங் டோக்கியோவில் இருந்தபோது, உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், அப்போது பிரதமராக இருந்த ஓஹிரா பெய்ஜிங் சென்று குறைந்த வட்டிக் கடனுதவியை அறிவித்தார். சீனத்துக்கான ஜப்பானின் வளர்ச்சி உதவி முழுவதும் 2022 மார்ச்சில் முடிவுற்றது.

எங்கு நிறுத்துவது என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. உறவு எப்படி நிறுவப்பட்டது என்பது கேள்வியானால் 1978 அக்டோபரில் நிறுத்தலாம். எப்படி நடந்தது என்பது கேள்வியானால் 1998, 2008-ஆம் ஆண்டுகளின் கூட்டு அறிவிப்புகளையும், 2012-இல் சென்காகு அல்லது தியாவ்யூ தீவுகளில் மூன்றை ஜப்பானிய அரசு விலைக்கு வாங்கியதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பையும் சேர்க்க வேண்டும். பெயர்களைப் பொறுத்தவரை, ஜப்பானியர்க்கும் சீனர்க்கும் குடும்பப் பெயர் முன்னால் வரும் மரபைக் கட்டுரை முழுவதும் ஒரே சீராகப் பின்பற்றுங்கள். தனாகா என்றும் ககுயெய் என்றும் மாற்றி மாற்றி எழுதினால், படிப்பவர் இருவர் என்று எண்ணிக்கொள்வார்.